மாமன் வீட்டுக் கண்

என் கண்ணை யாராவது பாராட்டினால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, தூரத்தில் வருகிற பஸ்ஸின் எண்ணை எல்லோருக்கும் முன்னால் நான் சொல்லிவிடுவேன். பக்கத்தில் நிற்கிற இளைஞன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இந்த வயசுல இப்படி ஒரு பார்வையா, குடுத்து வெச்சவர் சார் நீங்க" என்பான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவன் என்ன பாவம் செய்தான்? இருந்தாலும் அப்படித்தான் செய்கிறேன்.

ராயபுரம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன் நான். நைனா ஒரு புயலில் கடலோடு போனவர். எனக்கு அவர் முகம் நினைவில்லை. அம்மா மீன் கூடை சுமந்தாள். என்னையும் தங்கையையும் ஆளாக்கியது அம்மாவின் தம்பி, என் மாமா. அவருக்கு ஒரு கட்டுமரம், ஒரு பெண், ஏகப்பட்ட வாய். அந்தப் பெண் பிறந்த அன்றே எனக்கென்று முடிவாகிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இந்த வயதில் சொல்ல என்ன வெட்கம்?

மாமாவுக்கும் எனக்கும் குப்பத்தில் ஒரே பெருமைதான், கண். கரையில் நின்று பார்த்தால் மற்றவர்களுக்குத் தண்ணீர் மட்டும் தெரிகிற இடத்தில் எங்களுக்குப் பாய்மரம் தெரியும். பாயின் வெட்டைப் பார்த்து இன்னார் மரம் என்று சொல்லிவிடுவோம். மரம் திரும்பத் தாமதமானால் பெண்கள் முதலில் ஓடி வருவது எங்களிடம்தான். "வந்துகினு கீறாண்டி, போய் ஒலய வை" என்று மாமா சொன்னால் அவர்கள் நிம்மதியாகப் போவார்கள். பிறகு என் முதுகில் தட்டி, "இது எங்க வூட்டு கண்ணு. அக்கா வழியா இவனுக்கு வந்துகீது" என்பார். அப்போது அம்மா ஒரு நாளும் சிரித்ததில்லை. களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

மாமா என்னைப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அது முடிந்ததும் காலேஜுக்கும் அனுப்பினார். எங்கள் குப்பத்திலிருந்து இண்டர்மீடியட் வரை போனவன் நான்தான். மீன்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு மாமா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு குப்பத்தில் தண்டோரா போட்டார்கள். நம் விமானங்களும் வேறு சில நாட்டு விமானங்களும் சேர்ந்து கடலின் மேல் சண்டைப் பயிற்சி செய்யப்போகின்றனவாம். எண்ணூருக்கு நேரே வெளிக்கடலில் யாரும் மரம் விடக் கூடாதாம். வயிற்றில் அடித்தார்களே என்று எல்லோரும் திட்டினார்கள். திட்டிவிட்டுக் குடும்பத்தோடு மணலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வேடிக்கை என்றால் எங்கள் ஆட்கள் பசியை மறந்துவிடுவார்கள்.

பயிற்சி எப்படி என்றால், ஒரு விமானம் நீளமான கம்பிக் கயிற்றில் ஒரு வெள்ளைத் துணிப் பையை இழுத்துக்கொண்டு போகும். தலையணை உறையை மாதிரி, ஆனால் ஒரு வீட்டு நீளம். மற்ற விமானங்கள் பாய்ந்து பாய்ந்து வந்து அந்தப் பையைச் சுடும். குப்பத்தில் அதற்கு உடனே பெயர் வைத்தாகிவிட்டது, "பிளேன் பாவாடை". மற்றவர்கள் சத்தத்தை மட்டும்தான் கேட்டார்கள். எங்கே, எங்கே என்று வானத்தைத் துழாவினார்கள். நானும் மாமாவும்தான் பார்த்துப் பார்த்துச் சொன்னோம். எது எந்தப் பக்கம் திரும்புகிறது, எது சூரியனுக்குப் பின்னால் ஒளிந்து வருகிறது என்று சொல்லச் சொல்ல, கூட்டம் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. கடலில் நைனா போனார், மாமா போகிறார். நான் அதற்கு மேலே போக வேண்டும் என்று தோன்றியது.

கடைசி நாள் கயிறு அறுந்து பாவாடை கடலில் விழுந்தது. விழுந்த இடத்தை நான் கண்ணால் பிடித்து வைத்துக்கொண்டேன். தடை எடுத்ததும் மாமா மரத்தைத் தள்ளினார். நான் கை காட்டிய திசையில் போய் அதை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நல்ல துணி, பாய் தைக்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் மறுநாள் காலையே ஒரு ஜீப் வந்தது. விமானப்படை அதிகாரி ஒருவர் உதவியாளோடு இறங்கினார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் பேசினார். துணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டையை மட்டும் எண்ணிக்கொள்கிறேன் என்றார்.

துணியை மணலில் விரித்தார்கள். அதிகாரி குப்பத்துக்கு விளக்கினார். ஒவ்வொரு படையின் குண்டு முனையிலும் ஒரு சாயம் பூசியிருப்பார்களாம். ஓட்டையின் ஓரத்தில் அந்தச் சாயம் ஒட்டிக்கொள்ளும். சிவப்பு வெளிநாட்டுக்காரர்கள் சுட்டது, பச்சை நம் பையன்கள் சுட்டது. இதைக் கேட்டதும் குப்பமே துணியின் மேல் கவிழ்ந்தது. "தோ பச்ச! இங்க ஒரு பச்ச!" என்று பெண்களும் பிள்ளைகளும் கத்தினார்கள். ஒவ்வொரு பச்சைக்கும் ஒரு கைதட்டல்.

நானும் மாமாவும் குனிந்து பார்த்தோம். எல்லா ஓட்டையும் ஒரே மாதிரிதான் இருந்தது, அழுக்காக ஒரு பழுப்பு. மாமா என் காதில், "எல்லாம் ஒரே ஓட்டதானடா, இவனுங்க இன்னாத்த பிரிச்சி எண்ணிகினு கீறானுங்க?" என்றார். நான் சிரித்தேன். உப்புத் தண்ணீரில் சாயம் போயிருக்கும், இவர்கள் சும்மா ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பாவாடை விழுந்த இடத்தைக் கரையிலிருந்தே காட்டியது நான்தான் என்று மாமா அதிகாரியிடம் பீற்றிக்கொண்டார். அவர் நம்பவில்லை. வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலைக் காட்டி, அதன் பெயரைப் படி பார்க்கலாம் என்றார். படித்தேன். ஜீப்பிலிருந்து தொலைநோக்கியை எடுத்துவந்து பார்த்தார். பிறகு என் படிப்பைக் கேட்டார், வயதைக் கேட்டார். "சண்டை விமானத்துக்கு முதலில் கண்தான் தம்பி. எதிரியை முதலில் பார்க்கிறவன்தான் வீடு திரும்புவான். மீதியை எல்லாம் நாங்கள் கற்றுக்கொடுத்துவிடுவோம். நீ மனுப் போடு" என்றார்.

அதற்குப் பிறகு குப்பம் என்னைத் தரையில் நடக்க விடவில்லை. மீன் கண் தின்றால் நம் கண் வளரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வீட்டுக்கு வீடு மீன் தலை வந்தது. சுறா எண்ணெயை ஒரு கிழவர் பாட்டிலில் கொண்டுவந்து, நான் விழுங்கும் வரை முன்னால் நின்றார். யாராவது சண்டைக்கு வந்தால்கூட, "டேய், அவன் கண்ணாண்ட கைய கொண்டு போவாத" என்று நடுவில் நான்கு பேர் விழுந்தார்கள். மாமாவுக்கு மார்க்கெட்டில், டீக்கடையில், ரயில்வே கேட்டில், எங்கும் ஒரே பேச்சு. மாப்பிள்ளை பைலட் என்று அவர் மகளைத் தோழிகள் கிண்டல் செய்தார்கள். அவள் என்னைக் கண்டால் ஓட ஆரம்பித்தாள். முன்பெல்லாம் நின்று பேசுவாள்.

அம்மா மட்டும் இந்தக் கூத்தில் சேரவில்லை. ஒருநாள், "இந்த வேல இல்லாங்காட்டி வேற இன்னாடா பண்ணுவே?" என்று கேட்டாள். நல்ல காரியத்துக்குப் போகும்போது தும்முகிறாயே என்று கத்தினேன்.

பெங்களூரில் தேர்வு. நேர்முகம், ஓட்டம், கணக்கு எல்லாவற்றிலும் தேறினேன். கடைசியாக மருத்துவச் சோதனை. அங்கே வந்திருந்தவர்கள் பெரும்பாலும் கான்வெண்ட் பிள்ளைகள், ராணுவ வீட்டுப் பிள்ளைகள். என் சட்டையையும் என் இங்கிலீஷையும் அவர்கள் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கண் சோதனை என்றதும் அவர்களில் பாதிப் பேருக்கு வியர்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இருங்கடா, இதோ வருகிறேன் என்று உள்ளே போனேன்.

டாக்டர் வங்காளத்துக்காரர், நல்ல மனிதர். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்தேன். அதற்கும் கீழே, பலகையை அச்சடித்த அச்சகத்தின் பெயர் பொடியாக இருந்தது. அதையும் சேர்த்துப் படித்தேன். டாக்டர் சிரித்துவிட்டார். அடுத்த அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு மறுபடி படிக்கச் சொன்னார். இருவரும் என் தோளைத் தட்டினார்கள். அந்தச் சில நிமிடங்கள் நான் பைலட்டாக இருந்தேன். என் ஆயுளில் நான் பைலட்டாக இருந்தது அவ்வளவுதான்.

பிறகு ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் நிறையப் புள்ளிகள். இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். புள்ளிகளை எண்ணச் சொல்கிறார் என்று நினைத்து ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ண ஆரம்பித்தேன். டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போயிற்று. பக்கத்தைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். எல்லாம் புள்ளி. நான் இங்கிலீஷைத்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பயந்து, இன்னொரு தடவை சொல்லுங்கள் சார் என்று கெஞ்சினேன். பிறகு இருட்டறைக்கு அழைத்துப் போய், சின்னச் சின்ன விளக்குகளைக் காட்டி நிறம் கேட்டார். சிவப்பு என்றேன், பச்சை என்றேன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

வெளியே வந்ததும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். சிவப்பும் பச்சையும் உனக்குப் பிரிந்து தெரியவில்லை, ஓடுதள விளக்கின் நிறமும் சைகைக்காகச் சுடும் வாணத்தின் நிறமும் தெரியாதவனை மேலே அனுப்ப முடியாது, உனக்குத் தகுதி இல்லை என்றார். அதற்குப் பிறகும் நிறையப் பேசினார். தாய் வழியாக வரும், தாய்க்குக் குறை இருக்காது, தாயின் சகோதரனுக்கு இருக்கலாம் என்றார். உங்கள் பக்கத்தில் மாமன் மகளைக் கட்டுவீர்களே, அப்படிக் கட்டினால் உன் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம், வெளியில் கட்டினால் உன் மகனுக்கு வராது என்றார். இன்னும் ஏதோ சொன்னார். தரையில் இருந்து செய்கிற வேலை சில இருக்கிறது, எழுதித் தரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கே எட்டவில்லை, அழுகைதான் வந்தது.

குப்பத்தில் யாரும் நம்பவில்லை. கப்பல் பெயரைக் கரையிலிருந்து படிக்கிறவனுக்குக் கண் சரியில்லையா? "நம்ம ஆளுங்கள மேல ஏத்த அவனுங்களுக்கு மனசு வராதுடா" என்று மாமாவே காரணம் கண்டுபிடித்தார். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நிறம் என்ற பேச்சை நான் எடுக்கவில்லை. எடுத்தால் அடுத்த பேச்சு மாமாவைப் பற்றித்தான் வரும்.

எல்லோரும் போன பிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாக, "கலரு கேட்டாங்களா?" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவள் சொன்னாள். நான் சின்னவனாக இருந்தபோது ஒருநாள் கூடைக்கு மீன் பொறுக்கச் சொன்னாளாம். செவுளைத் திறந்து பார்த்துச் சிவப்பாக இருப்பதை எடு என்றாளாம். நான் பாதிக்குப் பாதி கெட்ட மீனாக எடுத்துவந்தேனாம். அவள் தம்பியும் சின்ன வயதில் அப்படித்தானாம். அன்றிலிருந்து என்னைக் கூடையைத் தொட விடவில்லை. எங்கள் குப்பத்தில் மீன் பிடிப்பது ஆண், விற்பது பெண். செவுளைத் திறந்து பார்க்கிற ஆணைப் பொட்டை என்று கேலி செய்வார்கள். அதனால் மாமாவும் அவருக்கு முந்தியவர்களும் வளர்ந்த பிறகு ஒரு செவுளைக்கூடப் பார்க்காமலே போனார்கள். குறை இருப்பது அவர்களுக்கே தெரியாது.

"தெரிஞ்சிகினே ஏம்மா சும்மா இருந்தே?" என்று கத்தினேன்.

"மேல இன்னாடா கலரு கீது? வானம் பூரா ஒரே நீலந்தான. எம்மாம் தூரத்துல கீறவனயும் பாத்துர்றே. ஒனக்கு அது போதும்னு நெனச்சேன்."

எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். மாமன் மகளைப் பற்றியும் சொன்னேன். வெளியில் கட்டினால் மகனுக்கு வராதாம் என்று சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ரத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்தால்தான் இந்தக் குறை வரும், பிரித்து வைத்தால் இரண்டு வீட்டுக்கும் நல்லது, இப்படித்தான் நாங்கள் புரிந்துகொண்டோம்.

"ஒன் புள்ளயாவது மேல போவட்டும்" என்றாள் அம்மா. "அவ புள்ளயும் நல்லா பொறக்கட்டும்."

மாமாவிடம் காரணம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொன்னால் ஊர் முழுக்கப் பரவும். கண்ணில் குறை உள்ள வீடு என்று அவர் பெண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள். அதுவுமில்லாமல், கண்ணைத் தவிர வேறு பெருமை இல்லாத மனிதனிடம் போய் உன் கண்தான் கோளாறு என்று எப்படிச் சொல்வது? அக்காளுக்கே நா எழவில்லை.

சில மாதங்கள் கழித்து மாமா வெற்றிலை பாக்கோடு நாள் குறிக்க வந்தார். நான் அதற்குள் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க் ஆகியிருந்தேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேணாண்டா தம்பி, அவன் வெளில கட்டிக்கட்டும்" என்றாள். மாமா முதலில் சிரித்தார், விளையாட்டு என்று. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா, பைலட் ஆயிட்டு என் பொண்ண வேணான்னா அது நாயம். நீதான் பைலட்டே ஆவலியே. அப்றம் இன்னாத்துக்குடா வேணாம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. மாமா தட்டை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதோடு சரி. ஒரே குப்பம், ஒரே கரை. எதிரே வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு போவார். என் தங்கை கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போட ஆளில்லாமல் பங்காளி ஒருவரை நிறுத்தினோம். மாமா தன் மகளை எண்ணூரில், முகத்துவாரத்துப் பக்கம் உறவில்லாத ஒரு படகுக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தார். எங்களுக்குச் சொல்லவில்லை. கண்ணாலும் மூக்காலும் அழுது அவள் போனதாகக் கேள்விப்பட்டேன். ஒரு ஐப்பசியில் காய்ச்சல் கண்டு மாமா போய்ச் சேர்ந்தார். அம்மா தலைவிரி கோலமாக ஓடினாள். மாமி, "இப்போதான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். அம்மா தெருவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பினாள்.

அதற்கும் பிறகு திருவொற்றியூரில் மாசித் திருவிழா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கூட்டத்தில் ஒரு பெண், "அத்தே!" என்று ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். மாமா மகள்தான். இடுப்பில் ஒரு பையன். பழையதெல்லாம் அவள் மனதில் இல்லையோ, இருந்தும் காட்டிக்கொள்ளவில்லையோ, தெரியவில்லை. என்னைப் பார்த்து நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டாள். நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பியின் பேரனாயிற்றே. காகிதக் காற்றாடி விற்கிறவனிடம் தூக்கிக்கொண்டு போய், எது வேண்டும் என்று கேட்டாள். பக்கத்தில் ஒரு குழந்தை வைத்திருந்ததைக் காட்டி, "அது மாரி செவப்பு" என்றான் பையன். எடுத்துக்கோ என்றாள். அவன் கையை நீட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு குதித்தான். நானும் சிரித்தேன், எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

மாமா மகள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "பாரு அத்தே, செவப்பு வேணும்னு பச்சய தூக்கிகினு நிக்குது. எப்பவும் இப்டித்தான். அப்டியே எங்க நைனா மாரி."

அம்மாவின் கை காற்றாடிக்காரனிடம் நீட்டிய சில்லறையோடு அப்படியே நின்றது. பிறகு பையனைத் தாயிடம் கொடுத்தாள். அவன் கன்னத்தைத் தடவி, நல்லா இரு என்றாள். அவர்கள் கூட்டத்தில் போகும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவ வெளியத்தானடா கட்டிகினா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அவ புள்ளக்கும் வரும்னு அந்த டாக்டரு சொல்லலியா?"

சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. தகுதி இல்லை என்ற சொல்லுக்குப் பிறகு அந்த மனிதர் பேசியதில் பாதி என் காதில் விழவில்லை. அதைத்தான் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ என் தம்பிய நான் இன்னாத்துக்குடா தொலச்சேன்?" என்று கேட்டாள்.